1000 கெஜத்துக்கு ஒரு தாழ்ப்பாள்: நெடுந்தூர இலக்குத் துப்பாக்கிக்கு ஆக்‌ஷன் தேர்வு

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிரீட்மூர் சுடுதளம். அணிக்கு ஆறு பேர்; 800, 900, 1000 கெஜத் தூரங்களில் போட்டி. முந்தைய ஆண்டு விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற தெம்போடு வந்திருந்த அயர்லாந்து வீரர்களின் கையில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகள். அமெரிக்கர்களின் கையில் பின்புறம் திறந்து தோட்டா இடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். ஒரு கட்டத்தில் மில்னர் என்ற அயர்லாந்து வீரர் சுட்ட குண்டு இலக்கின் நட்ட நடுவில் பதிந்தது. ஆனால் அது அவருடைய இலக்கு அல்ல, பக்கத்து இலக்கு. 4 புள்ளி போயிற்று. அமெரிக்காவின் கடைசி ஆள் கர்னல் போடைன். இஞ்சி பானப் புட்டி உடைந்து கிழித்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், நடுவில் அடித்தார். 934-க்கு 931. அமெரிக்கா வென்றது.

வாய்வழித் துப்பாக்கியின் காலம் அன்றோடு முடிந்தது என்று வரலாறு எழுதிக்கொண்டது. கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் 3 புள்ளி, மில்னர் இழந்தது 4. தோற்றது துப்பாக்கியின் பூட்டு அல்ல, ஒரு மனிதரின் கவனம். ஆனாலும் எதிர்காலம் பின்புறம் திறக்கும் துப்பாக்கியின் பக்கமே போனது. காரணம் துல்லியம் அல்ல. படுத்த நிலையைக் கலைக்காமல் அடுத்த தோட்டாவை இடலாம், எரிந்த கசடைப் பின்னாலிருந்தே துடைக்கலாம் என்ற வசதிதான்.

நெடுந்தூர இலக்குக்கென்று ஒரு துப்பாக்கியைத் தனியாகச் செய்வித்துக்கொள்கிறவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இன்றும் இதுவே: எந்த ஆக்‌ஷன்? பெரும்பாலோர் அதைத் துல்லியம் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். குழலும் தோட்டாவும்தான் துல்லியத்தைத் தருகின்றன. ஆக்‌ஷனின் வேலை அதைக் கெடுக்காமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பூட்டி, ஒரே மாதிரி தீ மூட்டி, ஒரே மாதிரி திறப்பது. இந்த நோக்கில் பார்த்தால் தேர்வு எளிதாகும், செலவும் குறையும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெட்டியும் தாழ்ப்பாளும்

குழலின் பின்முனை திருகப்பட்டிருக்கும் எஃகுப் பெட்டி ரிசீவர். அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் உருளை போல்ட். கைப்பிடியை மடக்கினால் போல்டின் பூட்டுப் பற்கள் ரிசீவரின் உட்படிகளுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பழைய வீட்டுக் கதவில் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்பி விடுவோமே, அதே செய்கைதான். போல்டுக்குள் சுருள்வில்லும் ஊசியும் இருக்கின்றன. ரிசீவரும் போல்டும் சேர்ந்ததே ஆக்‌ஷன்.

இந்தத் தாழ்ப்பாள் தாங்கும் சுமை சாதாரணமானதல்ல. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4150 பார். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4,200 கிலோ. பித்தளைக் கூட்டின் அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். கூடு அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்வதால் ஒரு பங்கு குறையும். எஞ்சியதே டன் கணக்கில் பற்கள்மேல் வந்து விழும். .338 லப்புவா மேக்னத்தின் அடி இன்னும் அகலம் என்பதால் சுமையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெரிய தோட்டாவுக்குப் பெரிய ஆக்‌ஷன் கேட்பது இதனால்தான்.

மூன்று குடும்பங்கள்

இன்றைய போல்ட் ஆக்‌ஷன்கள் பெரும்பாலும் மூன்று மூதாதையரில் ஒருவரைச் சுட்டும்.

முதலாவது ஜெர்மனியில் பால் மவுசர் 1898-இல் முடித்துத் தந்த வடிவம். போல்டின் முன்முனையில் இரண்டு பெரிய பற்கள், பாதுகாப்புக்காகப் பின்பக்கம் மூன்றாவது, பக்கவாட்டில் நீண்ட கொக்கி. தோட்டா மேகசினை விட்டு எழும்போதே கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் போல்டைப் பின்னிழுத்தாலும் தோட்டா நழுவாது. போர்க்களத்துக்கும் வேட்டைக்கும் இது பெரிய வரம். இலக்கு மைதானத்தில் மெத்தையில் படுத்து, தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறவருக்கு இந்த வரம் தேவைப்படுவதில்லை. ஊசி கனமானது, ஓடும் தூரமும் நீளம். விசையை அழுத்தியதற்கும் தீப்பிடிப்பதற்கும் இடையே நேரம் கூடும். 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 இதே மரபின் அமெரிக்கப் பிள்ளை. தட்டையான அடிப்பகுதியும் ரிசீவரோடு ஒன்றாய்ச் செய்த உதைதாங்கியும் கொண்ட அது, அந்நாட்டின் நெடுந்தூரப் போட்டிகளில் பல காலம் கோலோச்சியது.

இரண்டாவது பிரிட்டனின் லீ என்ஃபீல்ட். இதன் பற்கள் முன்முனையில் இல்லை, பின்னால் இருக்கின்றன. சுடும்போது போல்டும் ரிசீவரும் நீளவாக்கில் சற்றே இழுபட்டு நெளியும். ஏட்டுக் கணக்கில் குறைதான். ஆனால் .303 தோட்டாவோடு 1000 கெஜத்தில் இதே குறை கை கொடுத்தது. நெளிவால் குழலின் வாய் மேல்நோக்கித் துடிக்கும். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக, வாய் இன்னும் உயர்ந்திருக்கும் நேரத்தில் வெளியேறும். மெதுவான குண்டு கீழே விழ வேண்டிய அளவை அந்த உயர்வு ஈடுகட்டிவிடும். 200 கெஜத்தில் சுமாராகக் குழுமிய துப்பாக்கி 1000 கெஜத்தில் வியக்க வைத்ததன் ரகசியம் இது.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு ஓர் உறவு உண்டு. 1962 போருக்குப் பின் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, இதே லீ என்ஃபீல்டை இன்னும் உறுதியான எஃகில், 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தது. கூடிய அழுத்தத்தைப் பழைய வடிவம் தாங்க உலோகத்தை மாற்ற வேண்டியிருந்தது என்பதை ஆக்‌ஷன் தேடுகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

மூன்றாவது குடும்பம் ரெமிங்டன். மைக் வாக்கர் வடிவமைத்து 1948-இல் வந்த 721, 722 மாதிரிகளின் தொடர்ச்சியாக 1962-இல் 700 பிறந்தது. உருண்டைக் கம்பியைக் கடைந்து செய்த ரிசீவர், குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வாஷர் போலச் செருகிய உதைதாங்கி, போல்டில் தனியாகப் பற்றவைத்த கைப்பிடி. எல்லாமே மலிவாகச் செய்வதற்காகப் போட்ட திட்டம். ஆனால் உருண்டையான பொருளைத் துல்லியமாகக் கடைவது எளிது, திருத்துவதும் எளிது. ஊசி ஓடும் நேரமும் குறைவு. விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கை ஒட்டியது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் எம்40, ராணுவத்தின் எம்24 ஆகிய குறிபார்ப்புத் துப்பாக்கிகள் இரண்டும் இதன்மேல் கட்டப்பட்டவையே. 2020-இல் ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி ஏலத்தில் துண்டு துண்டாகப் போனது. 700-இன் அளவுகளோ பொதுச் சொத்தாகவே நிலைத்துவிட்டன. இன்று புதிதாக ஆக்‌ஷன் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலானவை, கட்டையும் விசையும் மேகசினும் பொருந்தட்டும் என்று, அதே திருகுத் தூரத்தையும் அதே விட்டத்தையும் பின்பற்றுகின்றன.

பிஸ்லி கற்ற பாடம்

விம்பிள்டனிலிருந்து 1890-இல் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு மாறிய பிரிட்டிஷ் தேசிய ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இந்தக் கேள்விக்கு நல்ல ஆய்வுக்கூடம். 1960-களின் இறுதியில் அங்கே .303 போய் 7.62 வந்தபோது, என்ஃபீல்டுக்குக் கைகொடுத்த பழைய சமன்பாடு கலைந்தது. மவுசர் வழி ஆக்‌ஷன்கள் வந்தன. ஆனால் மேகசினுக்காக வயிற்றைத் திறந்த ரிசீவர் ஒவ்வொரு சுடுதலிலும் சிறிது வளைவதை வீரர்கள் உணர்ந்தார்கள். வேட்டைத் துப்பாக்கியிடம் கடன் வாங்காமல், இலக்குக்கென்றே ஆக்‌ஷன் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

ஜார்ஜ் ஸ்வென்சன் 1970-களில் கொண்டுவந்த 'ஸ்விங்' அதன் முதல் பெரிய பலன். மேகசின் இல்லை, வயிறு மூடிய கனத்த ரிசீவர், முன்முனையில் பூட்டு, குறைந்த ஊசி ஓட்டம். அந்த வழியில் வந்த ஆர்பிஏ குவாட்லாக்கில் பெயருக்கேற்ப நான்கு பற்கள். ஆஸ்திரேலியாவில் ஓமார்க், தென்னாப்பிரிக்காவில் மஸ்கிரேவ், நியூசிலாந்தில் மூன்று பற்கள் கொண்ட பார்னார்ட் என்று காமன்வெல்த் நாடுகள் ஒவ்வொன்றும் தன் விடையைச் செய்துகொண்டன. ஸ்விங் போன்றவை ஒரு தலைமுறையில் ஓய்ந்துவிட்டன. பார்னார்ட் இன்றும் பல்மா போட்டிகளில் படுத்திருக்கும் தோள்களோடு ஒட்டியிருக்கிறது.

பிரிட்டனிலிருந்தே இன்னொரு கோணமும் வந்தது. 1984, 1988 ஒலிம்பிக்குகளில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்ற மால்கம் கூப்பர், சக வடிவமைப்பாளர்களோடு தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல், ஆக்‌ஷனை மரக்கட்டையில் உட்காரவைக்கும் பழக்கத்தையே கைவிட்டு அலுமினியச் சட்டத்தில் இறுக்கியது. பிரிட்டிஷ் ராணுவம் அதை எல்96 என்று ஏற்றது. ஈரத்தில் மரம் உப்புவதும் ஆக்‌ஷன் இடம் மாறுவதும் பழைய கதையாயின. இன்று 'சேசிஸ்' என்று விற்பதெல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள்.

எதைப் பார்ப்பது?

விளம்பரத் தாளில் இருபது அம்சங்கள் இருக்கும். எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்தாறுதான்.

முதலில் நேர்மை. ரிசீவரின் முகம், மரை, போல்டு ஓடும் துளை, பற்கள் அமரும் படிகள் ஆகிய நான்கும் ஒரே அச்சில் இருக்கின்றனவா? தொழிற்சாலை ஆக்‌ஷனில் இரண்டு பற்களில் ஒன்றே முழுதாகத் தொடுவது சகஜம். அப்போது சுமை ஒரு பக்கமாக விழும், போல்ட் சாயும், கூட்டின் அடியும் கோணலாகும். பற்களின் பின்பக்கத்தில் கருமை பூசிச் சில முறை பூட்டித் திறந்தால் தேய்ந்த இடம் பளபளக்கும். இரண்டும் சமமாகப் பளபளத்தால் நிம்மதி.

இரண்டாவது தீ மூட்டல். விசையை அழுத்தியதும் ஊசி விடுபட்டு, பிரைமரை மோதி, மருந்து பற்றி, குண்டு குழலைத் தாண்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கே ஆகியிருக்கும். அதற்குள் உடல் அசைந்தால் இலக்கில் தெரியும். வேகத்தைவிட முக்கியம் சீர்மை. ஊசியின் அடி ஒருமுறை வலுவாகவும் மறுமுறை சோர்வாகவும் இருந்தால் தோட்டாவின் வேகம் மாறும். 1000 கெஜத்தில் துளைகள் மேலும் கீழுமாகச் சிதறும். மருந்தையும் குண்டையும் மாற்றிச் சலித்தவர்கள் கடைசியில் சுருள்வில்லை மாற்றி நிம்மதி கண்ட கதைகள் இந்த வட்டத்தில் ஏராளம். ஊசித்துளை அகலமாக இருந்தால் பிரைமரின் உலோகம் அதற்குள் பிதுங்கும். கூடிய அழுத்தத்தில் சுடும் சிறிய 6 மி.மீ. தோட்டாக்களுக்கு இது கவனிக்க வேண்டிய குறை.

மூன்றாவது பற்களின் எண்ணிக்கை. இரண்டு பல் என்றால் கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டும்; மூன்று பல் என்றால் 60 போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. ஆனால் வில்லை இழுக்கும் அதே உழைப்பைக் குறைந்த தூரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் தூக்குவது கனமாக இருக்கும். படுத்திருக்கும் வீரர் கனமான கைப்பிடியைத் தூக்கும்போது துப்பாக்கி முழுவதும் புரளும். கடையில் நின்றபடி கைப்பிடியை ஆட்டிப் பார்த்து இதை அறிய முடியாது. தரையில் படுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது அளவு. .223-க்கு போல்ட் முகம் 9.6 மி.மீ. விளிம்புக்கு, .308-க்கும் அதன் இனத்துக்கும் 12 மி.மீ., மேக்னத்துக்கு 13.5, .338 லப்புவாவுக்கு 14.9. முகத்தை மாற்றிப் பொருத்தும் வசதியுள்ள போல்டுகள் இப்போது கிடைக்கின்றன. குட்டை ஆக்‌ஷன் .308 நீளத்துக்குப் போதும். நீண்ட குண்டை வெளியே தள்ளி அமர்த்த நினைப்பவர் மேகசின் நீளத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது உலோகமும் இடைவெளியும். துருப்பிடிக்காத எஃகு ரிசீவரில் அதே எஃகு போல்ட் உரசினால் ஒன்றையொன்று கடித்துக் கீறிக்கொள்ளும். இரண்டுக்கும் வெவ்வேறு எஃகு, அல்லது மேற்பரப்பைக் கடினமாக்கும் பூச்சு வேண்டும். இடைவெளியே இல்லாமல் வழுவழுவென்று ஓடும் போல்ட் காட்சிக்கு அழகு. புழுதிக் காற்று அடிக்கும் மைதானத்தில் பத்தாவது தோட்டாவில் அது மக்கர் செய்யும்.

ஸ்கோப் தளமும் ஒரு கணக்கு. .308 குண்டு 1000 கெஜத்தில், 100 கெஜத்துக்குச் சரிசெய்த பார்வைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் கீழே விழும். அந்த வீழ்ச்சியை ஸ்கோப்பின் திருகு மட்டும் ஈடுகட்டத் திணறும். அதனால் பாகையின் 60-இல் ஒரு பங்கான 'மினிட்' அளவில் 20 சாய்வு கொண்ட தளம் வழக்கம். ரிசீவரோடு ஒன்றாகக் கடைந்த தளம் தளராது. தனியாகத் திருகிய தளத்தின் சாய்வை மாற்றலாம்.

விளையாட்டு சொல்லட்டும்

இந்த அளவுகோல்களின் எடை போட்டிக்குப் போட்டி மாறும்.

பல்மா மரபில் வாரும் வட்டத்துளைப் பார்வையும் மட்டுமே துணை, ஸ்கோப் கிடையாது. ஒவ்வொரு தோட்டாவாக இட்டு 800, 900, 1000 கெஜத்தில் சுடுவார்கள். இங்கே வயிறு மூடிய ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷனே பொருத்தம், பார்னார்ட் வகை.

கனடாவின் ஜார்ஜ் ஃபர்கார்சன் பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் எஃப் கிளாஸில் ஸ்கோப்பும் தாங்கியும் உண்டு. திறந்த பிரிவின் எடை வரம்பு 10 கிலோ; .223, .308 மட்டும் அனுமதிக்கும் பிரிவில் 8.25 கிலோ. 1000 கெஜ இலக்கின் உச்ச வளையம் 5 அங்குலம்தான். அங்கே சீரான தீ மூட்டலே முதல் தேவை. எடை வரம்பை ஒட்டி வேலை செய்வதால் ஆக்‌ஷனின் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1967-இல் தொடங்கிய 1000 கெஜ மேசைப் போட்டியில் காற்று மாறுவதற்குள் அத்தனை குண்டுகளையும் அனுப்பிவிட வேண்டும். வலக்கையால் போல்டை இயக்கும்போதே இடக்கையால் தோட்டாவை இட, இடப்புறம் திறக்கும் ஆக்‌ஷன்களைச் செய்விக்கிறார்கள். பேட், போர்டன், கெல்ப்ளி ஆகிய பட்டறைகளின் பெயர் அங்கே அடிபடும்.

குறுகிய நேரத்துக்குள் தடுப்பு, ஏணி, பீப்பாய் என்று இடம் மாறிச் சுடும் பிஆர்எஸ் போட்டிகளில் கதையே வேறு. மேகசின், தடங்கலில்லாத ஊட்டம், புழுதி தாங்கும் இடைவெளி ஆகியவையே உயிர். படுத்துச் சுடும் வீரர் வேண்டாமென்று ஒதுக்கிய மவுசரின் வரங்கள் இங்கே திரும்பி வருகின்றன.

பணம் எங்கே போக வேண்டும்?

முப்பது ஆண்டுகளுக்கு முன் வழக்கம் எளிது. பழைய ரெமிங்டன் 700 ஒன்றை வாங்கித் தேர்ந்த கடைசல்காரரிடம் கொடுப்பார்கள். அவர் முகத்தைச் சமன் செய்து, மரையைப் புதுப்பித்து, பற்களை உரசி அமர்த்தி, தடித்த உதைதாங்கியும் நல்ல விசையும் போட்டுத் தருவார். இன்று இந்தக் கணக்கு கட்டுபடியாவதில்லை. துப்பாக்கியின் விலை, அந்த வேலைகளின் கூலி, மாற்றிய பாகங்கள் எல்லாம் சேர்ந்தால், கணினிக் கடைசலில் முதலிலேயே நேராகப் பிறந்த புதிய ஆக்‌ஷனின் விலையைத் தொட்டுவிடும். அமெரிக்கச் சந்தையில் அப்படிப்பட்டது ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்குகிறது. பெயர் பெற்றவை அதன் இரு மடங்கு.

புதிய ஆக்‌ஷன்களின் உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. குழல் தேயும் பொருள். .308 ஐயாயிரம் சுடுதல் தாண்டும், 6.5 கிரீட்மூர் இரண்டாயிரம், மூவாயிரத்தில் ஓயும், 6.5-284 ஆயிரத்தை ஒட்டியே களைத்துவிடும். தீவிரமாகப் போட்டியிடுகிறவர் ஆண்டுக்கு ஒரு குழல் மாற்றுவார். 1958-இல் வந்த சாவேஜ் 110 குழலை ஒரு வளைநட்டால் இறுக்கியது. செலவைக் குறைக்கச் செய்த அந்த ஏற்பாடு, அளவுகாட்டி வைத்துக் குழலைப் பட்டறையிலேயே எளிதில் மாற்ற வழி திறந்தது. இன்றைய தனி ஆக்‌ஷன்கள் அளவு பிசகாமல் வருவதால், ஆக்‌ஷனை அனுப்பாமலே அதற்குப் பொருந்தும் குழலைச் செய்து வாங்கலாம். வீரர் மாதக்கணக்கில் துப்பாக்கி இல்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆக்‌ஷன் பத்துக் குழல்களைப் பார்க்கும் என்று வைத்துக்கொண்டால், அடுத்த குழல் எவ்வளவு சுலபமாக மாட்டும் என்ற கேள்வி, பல் இரண்டா மூன்றா என்ற கேள்வியைவிடப் பெரியது.

இந்தியாவில் இதைப் படிக்கிறவருக்கு ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை உரிமமின்றிச் செய்வதும் மாற்றுவதும் பழுதுபார்ப்பதும் குற்றம். துப்பாக்கியை இறக்குமதி செய்ய விளையாட்டு வீரருக்கும் ரைபிள் சங்கத்தின் அங்கீகாரமும் உரிமமும் தேவை. பட்டறை வேலை உரிமம் பெற்ற கைகளுக்கே உரியது. பிரிட்டனிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் தமிழர்களுக்கும் அந்தந்த நாட்டு உரிமம் முதல் படி.

முடிவு

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தீர்ப்பு இப்படி அமைகிறது. ஸ்கோப் இல்லாத பல்மாவே இலக்கு என்றால் வயிறு மூடிய ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷன் வாங்குங்கள். அதில் சமரசம் வேண்டாம். எந்தப் போட்டி என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் ரெமிங்டன் 700 அளவில், குழலை ஆர்டர் செய்து மாட்டக்கூடிய புதிய ஆக்‌ஷன் ஒன்று போதும். கட்டை, விசை, மேகசின் எல்லாம் எங்கும் கிடைக்கும், மனம் மாறினால் விற்கவும் முடியும். கையில் பணம் குறைவு என்றால் டிக்கா அல்லது சாவேஜ் தொழிற்சாலைத் துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல குழலுக்கும் தோட்டாவுக்கும் கொடுங்கள். பழைய 700-ஐத் திருத்தும் வேலை, தாத்தாவின் துப்பாக்கி என்ற பாசம் இருந்தாலொழிய வேண்டாம்.

எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் தரையில் படுத்து, தோளில் சார்த்தி, வெற்று போல்டை இருபது முறை தூக்கிப் பூட்டிப் பாருங்கள். இருபதாவது முறையும் கண் இலக்கைவிட்டு விலகாமல் இருந்தால் அதை வாங்கலாம்.